பவளத்துக்கு வேண்டிய வெளிச்சம்

கண்ணாடித் தொட்டியின் முன்னால் உலகநாதன் அரை மணி நேரமாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்தால் துலுக்கானத்துக்கு இருப்புக்கொள்ளாது.

"அண்ணாத்தே, அது கல்லு. நீ எம்மா நேரம் பார்த்தாலும் உன்னைத் திரும்பிப் பார்க்காது."

"கல் இல்லடா. உயிரு."

"உசுருன்னா கூப்ட்டா வரணும். எங்க தெரு நாய்கூட பேரு சொன்னா வாலாட்டுது. இது இன்னாத்தை ஆட்டுது?"

"நல்லாப் பாரு. ஆட்டுது."

துலுக்கானம் குனிந்து பார்த்தான். நீல வெளிச்சத்தில், பாறைமேல் இருந்த பவளத்தின் விரல்கள் தண்ணீரின் ஓட்டத்துக்கு மெல்ல அசைந்தன. நுனிகளில் பச்சை ஒளிர்ந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே பவளம் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் சுருங்கிக் கிடந்தது.

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது அந்த இடம். முன்னறை துப்பறியும் அலுவலகம். பின்னறை உலகநாதனின் வீடு. மனிதர்களோடு அதிகம் பேசிப் பழகாதவர். அதனால்தானோ என்னவோ, தூத்துக்குடியிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்த பவளத்தை உப்புத் தண்ணீரில் வளர்க்க ஆரம்பித்திருந்தார். துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை மூடியபின் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவன். எண்ணூர்க் கடற்கரையிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் சுமந்துவந்து தொட்டியை நிரப்பியவன் அவன்தான்.

தண்ணீர் கிடைத்தது. வெளிச்சம்தான் கிடைக்கவில்லை. முதலில் வீட்டு டியூப் லைட்டைப் போட்டார். இரண்டு மாதத்தில் பவளம் வெளுத்தது. பிறகு ஃபேக்டரி ஷெட்டுகளில் உயரத்தில் தொங்கும் பெரிய விளக்கு ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். தண்ணீர் கொதித்து, தொட்டியில் விட்டிருந்த இரண்டு மீன் செத்தன. "உப்பு ஏற்கெனவே கீது, மொளகாத்தூள் மட்டும் போட்டா போதும்," என்றான் துலுக்கானம். அதன்பிறகு மூர் மார்க்கெட் நடைபாதையில் கிடைத்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்தார். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது, அது வெளிச்சத்தைத் தின்று பவளத்துக்குச் சோறு போடுகிறது, கடலின் ஆழத்துக்கு நீல வெளிச்சம்தான் இறங்கும் என்று. வீட்டுப் பிளான்களை நகலெடுக்கும் அம்மோனியா பிரிண்ட் கடைகளில் அந்த மாதிரி நீல டியூப் இருப்பதாகத் தெரிந்தது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ராயப்பனிடம் சொல்லிவைத்தார். ராயப்பன் இரண்டாவது முறை கொண்டுவந்து கொடுத்த நான்கு டியூப்கள்தான் இப்போது எரிகின்றன.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிப் படியில் நின்றது. மறுபடி ஏறியது.

"பொம்பள. நர்ஸு. அழுதுகினு வர்றாங்க," என்றான் துலுக்கானம்.

"சத்தத்தை வெச்சே சொல்றியா?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

*

அவள் பெயர் ஹில்டா. முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பிரகாசம் டாக்டரோட நர்சிங் ஹோம்ல எட்டு வருஷமா வேலை பண்றேன் சார். போன வாரம் ஒரு பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. நீல விளக்குப் பெட்டி இருக்கு, அதுக்குக் கீழ படுக்க வெச்சோம். மூணு நாள் வெச்சா இறங்கிடும். எப்பவும் இறங்கும். இந்தக் குழந்தைக்கு ஏறிடுச்சு. எழும்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி ரத்தம் மாத்தினாங்க."

"குழந்தை?"

"பிழைச்சுக்கிச்சு. இன்னும் அங்கதான் இருக்கு." அவள் கைக்குட்டையை மடித்தாள். "மூணு ராத்திரியும் நான்தான் டூட்டி. வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு அணைச்சுட்டுத் தூங்கிட்டேன்னு சொல்றாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு டாக்டர் முடிவு சொல்வார். நர்சிங் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டுட்டா அப்புறம் எங்கயும் ஒரு ஊசிகூடப் போட முடியாது சார்."

"நீல விளக்கு கேஸுன்னா சிஸ்டர், இந்த ஏரியாவுல இவரை உட்டா ஆளே கெடையாது," என்றான் துலுக்கானம்.

உலகநாதன் அவளையே பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர். கொஞ்ச நேரமாவது கண் அசந்தீங்களா?"

"இல்ல சார்."

அவர் பதில் பேசவில்லை. இது அவருடைய பழைய ஆயுதம். கேள்வி கேட்டுவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருப்பார். மௌனம் தாங்காமல் எதிராளி பேசுவார். பொய் சொன்னவர்கள் பலர் இந்த அறையில் இப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். ஒரு மின்சார ரயில் வந்து நின்று போனது.

"அசரலைன்னுதான் நினைக்கிறேன்," என்றாள் ஹில்டா, மெல்லிய குரலில்.

அவர் அந்த 'நினைக்கிறேன்' என்பதை மனதில் குறித்துக்கொண்டார்.

*

நர்சிங் ஹோம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. டாக்டர் பிரகாசம் அறுபது வயதுக்காரர். அதிர்ந்து பேசாதவர்.

"தாராளமாப் பாருங்க. எனக்கும் ஹில்டாவைப் பிடிக்கும். ஆனா விளக்கு எரிஞ்சிருந்தா குழந்தைக்கு இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா எரியலை. வேற வழி இல்லையே."

குழந்தைகள் அறையின் மூலையில், இரும்புக் கால்களில் நின்றது அந்தப் பெட்டி. அடியில் நான்கு இரண்டடி டியூப்கள். சுவிட்சைப் போட்டதும் அறை முழுவதும் நீலமானது.

பெருக்கும் முனியம்மா வாசலில் நின்றிருந்தாள். உலகநாதன் அவளிடம் போனார்.

"அந்த மூணு நாளும் காலையில பெருக்கினது நீங்கதானே? என்ன இருந்துச்சு கீழ?"

"இன்னா இருக்கும்? பூச்சிதான். மழைக்காலம் வந்தா இதே ரோதனை. றெக்கை றெக்கையா வாரிக் கொட்டுனேன்."

"எங்க? இந்த நீல விளக்குக்குக் கீழயா, வராண்டா விளக்குக்குக் கீழயா?"

"வராண்டாவுல ஒண்ணும் இல்ல. அல்லாம் இங்கதான். மூணு நாளும் முறம் முறமா வந்துச்சு."

"இவ்ளோ பூச்சிக்கு ஒரு முறம் பத்துமா ஆயா?" என்றான் துலுக்கானம்.

"உன்னையும் சேர்த்து வாரலாம், எடம் கீது," என்றாள் முனியம்மா.

உலகநாதன் திரும்பி டாக்டரிடம் வந்தார். "நடுராத்திரி இதை அணைச்சிருந்தா பூச்சியெல்லாம் எரியற விளக்கைத் தேடி வராண்டாவுக்குப் போயிருக்கும். போகலை. மூணு ராத்திரியும் விடிய விடிய இது எரிஞ்சிருக்கு."

டாக்டர் லேசாகச் சிரித்தார். "பூச்சி சாட்சியை வெச்சு நான் கவுன்சிலுக்கு என்ன எழுதறது? எரிஞ்சா ஏன் இறங்கலை?"

உலகநாதன் பெட்டிக்கு அடியில் குனிந்தார். டியூப்களின் இரண்டு முனைகளிலும் மை தீட்டியதுபோல் கறுப்பு. கம்பெனிக்காரன் அச்சடித்த எழுத்து ஒன்றிலும் இல்லை. துடைத்துத் துடைத்து அழிந்திருந்தது. அவர் நிமிர்ந்தபோது கண்கள் பளபளத்தன. வழக்கின் முடிச்சு கைக்கு வரும்போது அவருக்கு வரும் பளபளப்பு அது.

"எரிஞ்சது டாக்டர். வேலை செய்யலை. இந்த நீல டியூப் பழசானா, பார்க்க அதே நீலம்தான் இருக்கும், ஆனா உள்ள சத்து போயிடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. என் வீட்டுப் பவளத்துக்குத் தெரியும். குழந்தையோட ரத்தத்துக்கும் தெரியும்."

"அதெல்லாம் எனக்கும் தெரியும்," என்றார் டாக்டர். "அதுக்காகத்தான் எரிஞ்சாலும் எரியாட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுவேன். போன மாசம்தான் நாலும் புதுசு போட்டோம். ஹில்டா தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாங்க, அதுல எழுத்து போயிருக்கும்."

"ஒரு மாசத்துல போகாது. புது டியூப்போட அட்டை உறை இருக்கா?"

இருந்தது. ஸ்டோர் ரூமில் நான்கு காலி உறைகளையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே எண் குத்தியிருந்தது. உலகநாதன் ஓர் உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துலுக்கானம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான்.

"மாட்டினது யாரு?"

"நம்ம ராயப்பன்தான். ரயில்வே கார் ஷெட்ல ரிட்டையர் ஆனவர்."

வெளியே வந்ததும் உலகநாதன் அபூர்வமாகத் தானே பேச ஆரம்பித்தார். "புதுசை மாட்டாம பழசையே விட்டுட்டு, புது டியூப்பை ராயப்பன் எங்கயோ தள்ளியிருக்கார். பிரிண்ட் கடையாத்தான் இருக்கும். அங்க கழட்டின பழசைத்தான் எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கணும். பவளம் வளர்க்காதவன் இந்தக் கேஸைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது, துலுக்கானம்."

"ஆமா."

"என்ன, ஆமாவோட நிறுத்திட்டே?"

துலுக்கானம் லூனா மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தான். அது முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. ஆனாலும் இன்னும் இரண்டு முறை உதைத்தான்.

*

அண்ணனூர் கார் ஷெட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி ராயப்பனின் வீடு. போகிற வழியெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. துலுக்கானம் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான்.

"அண்ணாத்தே, இன்னிக்கு அவரு ஊட்ல இருக்க மாட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோணுது."

"இருந்தா?"

"இருந்தா..." அவன் பள்ளத்தைச் சுற்றி வண்டியை வளைத்தான். "சில கேஸுல கண்டுபுடிக்காம உடறதும் ஒரு தெறமைதான்."

"ஒரு பெண்ணோட பிழைப்பு போகுது. என்ன பேசறே நீ?"

அவன் பாதையிலேயே கண்ணாக இருந்தான். ஆறு வருஷத்தில் அவன் இவ்வளவு தூரம் பேசாமல் வந்தது இதுதான் முதல் தடவை. உலகநாதன் அதைக் கவனித்தார். ஏன் என்று யோசிக்கவில்லை.

ராயப்பன் வீட்டில்தான் இருந்தார். வாசலில் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உலகநாதனைப் பார்த்ததும் எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கார் ஷெட்டில் செப்புக் கம்பி காணாமல் போனபோது பழி ராயப்பன்மேல் விழுந்தது. உண்மையான திருடனைப் பிடித்துக் கொடுத்து, அவரைத் தலைநிமிர்ந்து ரிட்டையர் ஆக வைத்தவர் உலகநாதன்.

"சார், ஒரு ஃபோன் பண்ணா நானே வந்திருப்பேனே. டேய் துலுக்கானம், சாரை நிக்க வெச்சுகினு கீறியே, அந்த ஸ்டூலை எடு."

துலுக்கானம் ஸ்டூலை எடுத்துப் போட்டான். உலகநாதன் உட்காரவில்லை.

"போன மாசம் பிரகாசம் டாக்டர் நர்சிங் ஹோம்ல நாலு நீல டியூப் மாத்தினீங்களா?"

ராயப்பன் பிரித்துப் போட்டிருந்த மிக்சியைப் பார்த்தார்.

"மாத்தலை. பழசையே விட்டுட்டீங்க. பெட்டியைப் பார்த்துட்டுத்தான் வரேன்."

"நல்லா எரிஞ்சுது சார்," என்றார் ராயப்பன். "எரியற டியூப்பை எவனாவது கழட்டுவானா? எனக்கு மனசு வர்ல. நாப்பது வருஷமா கரன்ட் வேலை செய்யறேன், எரியற லைட்டைத் தூக்கிப் போட்டதில்ல. ஆஸ்பத்திரிக்காரங்க ஏதோ கணக்குக்கு மாத்தறாங்கன்னு நெனைச்சேன். கொழந்தைக்கு நீல வெளிச்சம் இருந்தா போதும்தானே?"

"போதாது. அந்தக் குழந்தைக்கு ரத்தம் மாத்தியிருக்காங்க. ஹில்டா சிஸ்டருக்கு வேலை போகுது."

ராயப்பனின் கையிலிருந்த ஸ்குரு டிரைவர் கீழே விழுந்தது. "ஏசப்பா," என்றார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் முகம் ஒரு நொடியில் கிழடாகிவிட்டது.

"புது டியூப் நாலும் எங்க?"

ராயப்பன் கீழே கிடந்த ஸ்குரு டிரைவரைப் பார்த்தார்.

உலகநாதன் தன் ஆயுதத்தை எடுத்தார். ராயப்பனின் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றார். ஷெட்டுக்குள் ஏதோ ஒரு ரயில் பெட்டி இன்னொன்றில் இடித்துக் கோர்த்துக்கொள்ளும் சத்தம் வந்தது. ராயப்பனின் உதடு அசைந்து அடங்கியது. இந்த மனிதர் மௌனத்தைத் தாங்கினார். யாரையோ காப்பாற்றுகிறவர்களால்தான் அப்படித் தாங்க முடியும் என்று உலகநாதனுக்குத் தோன்றியது.

"அண்ணாத்தே, வா போலாம்," என்றான் துலுக்கானம்.

"இருடா. ராயப்பன், யாரைக் காப்பாத்தறீங்க? யாருக்குக் கொடுத்தீங்க?"

ராயப்பன் துலுக்கானத்தைப் பார்த்தார். துலுக்கானம் தரையைப் பார்த்தான்.

"உங்க ஊட்லதான் சார் எரியுது," என்றார் ராயப்பன்.

*

முதலில் உலகநாதனுக்குக் கோபம்தான் வந்தது. "பிரிண்ட் கடையில கழட்டினதுன்னு சொன்னீங்களே?"

"மொதல்ல கொண்டாந்தது பிரிண்ட் கடையில கழட்டினதுதான் சார். ரெண்டு வாரம் எரிய வெச்சுப் பார்த்துட்டு, கூப்ட்டு உட்டீங்க. 'எரியறதையெல்லாம் வெளிச்சம்னு கொண்டு வராதீங்க ராயப்பன், என் பவளம் சாகுது'ன்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. ஆனா நீங்க படிச்சவரு. உங்களுக்கு நான் இன்னா செய்யறதுன்னு மூணு வருஷமா கெடந்து தவிச்சுகினு கீறேன். நீங்க எதுவும் வாங்கிக்க மாட்டீங்க. மொத மொதல்ல ஒண்ணு கேட்டீங்க. அடுத்த வாரமே டாக்டர் ஆஸ்பத்திரி டியூப் என் கைக்கு வந்துச்சு. புதுசு உங்களுக்குக் கொடுத்துட்டு, பழசு எரியட்டுமேன்னு உட்டுட்டேன். பிரிண்ட் கடை பொய்தான் சார். நெசத்தைச் சொன்னா நீங்க வாங்க மாட்டீங்களேன்னு."

உலகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வாங்கியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அந்த நான்கு டியூப்களைக் கையில் வாங்கிய நாள் கண் முன்னால் நின்றது. முனையில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. எழுத்து புத்தம் புதிதாக, நகத்தால் சுரண்டினாலும் போகாத மாதிரி. கழற்றிய டியூப் இப்படி இருக்காது என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். திருட்டுச் சைக்கிளை அதன் பெயின்ட்டைப் பார்த்தே சொல்கிறவர். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று உள்ளே எங்கோ தெரிந்திருந்தது. "பரவாயில்லையே, நல்லா இருக்கே," என்று மட்டும் சொன்னார். ராயப்பனுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று துலுக்கானத்தைக் கேட்டார்.

"ஸ்டோர் ரூம்ல. டியூப்பை மாடிக்குத் தூக்கிகினு வந்தவன் நான்தானே அண்ணாத்தே. அந்தச் செவப்பு நம்பரு டியூப் மேலயும் குத்திகினு கீது." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "நீயும் பார்த்திருப்பேன்னு நெனைச்சேன். தெரிஞ்சுகினே இங்க வர்றியோன்னு ஒரு டவுட்டு."

எந்தப் பாராட்டையும்விட, எந்த வசவையும்விட, அந்தச் சந்தேகம் அவரை அதிகம் சுட்டது.

*

மாடிக்குத் திரும்பும்போது மூன்றரை மணி. உலகநாதன் சுவிட்சை அணைத்தார். தொட்டி சட்டென்று ஒரு சாதாரணத் தண்ணீர்ப் பெட்டியாகிவிட்டது. டியூப்களை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினார். நான்கிலும் சிவப்பு எண். அவர் கையோடு கொண்டுவந்திருந்த உறையில் இருந்த அதே எண். துலுக்கானம் அவற்றை ஒரு பழைய போர்வையில் சுற்றினான்.

"அந்த உறையை இதோட வெச்சுக் காட்டினாலே போதும், பழசுதான் மாட்டியிருந்துதுன்னு தெரிஞ்சுடும்," என்றான். "எங்க கெடைச்சுதுன்னு நீ சொல்ல வேணாம். துப்பறியறவன் எல்லாத்தையுமா சொல்றான்?"

"சொல்லலைன்னா ராயப்பன் திருடன் ஆயிடுவார்."

"அது ஒண்ணு கீதுல்ல," என்றான் துலுக்கானம்.

நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. துலுக்கானம் போர்வையோடு வராண்டாவில் நின்றான். உலகநாதன் மட்டும் உள்ளே போனார். டாக்டர் எதிரில் ஹில்டா உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு தாள்.

"வாங்க," என்றார் டாக்டர். "உங்களுக்கு வீண் அலைச்சல். ஹில்டாவே எழுதிக் கொடுத்துட்டாங்க. ரெண்டாவது ராத்திரி தூங்கியிருக்கலாம், விளக்கை அணைச்சிருக்கலாம்னு. ஒத்துக்கிட்டதால நான் கவுன்சிலுக்கு எழுதலை. மாசக் கடைசியோட வேலையை விட்டுப் போயிடுவாங்க. இதோட முடிச்சுக்கலாம்."

உலகநாதன் ஹில்டாவைப் பார்த்தார். "ஏன் எழுதினீங்க?"

அவள் நிமிரவில்லை. "நீங்க காலைல கேட்டீங்கல்ல சார். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம என்னையே பார்த்தீங்க. உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். அப்பத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. மூணு ராத்திரி முழிச்சவளுக்கு எது நிஜம், எது கனவுன்னு எப்படித் தெரியும்? நான் அணைச்ச மாதிரியே ஞாபகம் வந்துடுச்சு."

டாக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் திரும்பி நடந்தால் வழக்கு முடிந்தது. டியூப் பழசு என்று இவர்களுக்கு நிரூபிக்க இனி யாரும் இல்லை. ராயப்பன் வாயைத் திறக்க மாட்டார். துலுக்கானம் போர்வையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறுவான். பவளம் விரியும். ஒரு மணி நேரத்தில் அது தன் விரல்களை நீட்டிவிடும் என்பதுகூட அவருக்குத் தெரியும். இவ்வளவையும் யோசித்து முடிக்க அவருக்கு எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஆனால் யோசித்தார். அதைத் தனக்குத்தானே மறைக்க முடியவில்லை.

"துலுக்கானம்," என்றார்.

அவன் வந்து போர்வையை மேஜைமேல் விரித்தான். நான்கு டியூப்கள். பக்கத்தில் உலகநாதன் அட்டை உறையை வைத்தார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"என் வீட்ல. ஒரு மாசமா. பவளத் தொட்டிக்கு மேல." தன் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "ராயப்பன்கிட்ட நான்தான் கேட்டேன். நல்லதாக் கொண்டுவாங்கன்னு கடிஞ்சு சொன்னேன். வந்தது புதுசுன்னு பார்த்த அன்னிக்கே தெரிஞ்சது. எங்கேயிருந்துன்னு நான் கேட்கலை. சிஸ்டர் தூங்கலை டாக்டர். விளக்கை அணைக்கலை. அந்தப் பெட்டியில இருக்கறது நீங்க தூக்கிப் போடச் சொன்ன பழைய டியூப்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "குழந்தைக்கு ஏறினப்போ சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். எரிஞ்சது. நானும் அதோட விட்டுட்டேன்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். ஹில்டாவின் தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"அதைக் கிழிக்காதீங்க டாக்டர்," என்று ஹில்டா சொல்வதற்குள் கிழிந்துவிட்டது. அவள் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "என் கையெழுத்துதான். இதை எழுதும்போது எனக்கு உண்மைன்னே தோணுச்சு."

உலகநாதன் காத்திருந்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை. ஒரு டியூப்பை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அந்தக் குழந்தையோட அம்மா பேரு ஜெயகுமாரி," என்றாள். "ஏழு வருஷம் கழிச்சுப் பொறந்த பிள்ளை. வண்டியில ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாங்க. அது என்னன்னு யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அது எனக்குச் சேர வேண்டியது இல்லைன்னு அவங்களுக்குத் தெரியணும் சார்."

"டாக்டர் கடிதம் எழுதித் தரலாம்," என்று ஆரம்பித்த உலகநாதன், பாதியில் நிறுத்தினார். "எந்த வார்டு?"

"நானும் வரேன்," என்றாள் ஹில்டா. "நீங்க சொல்லும்போது நான் அங்க நிக்கணும்."

*

எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிய நாலே முக்கால் ரயிலில் கூட்டம் இல்லை. ஹில்டா எதிர் சீட்டில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். துலுக்கானம் உலகநாதனின் பக்கத்தில். அம்பத்தூரில் வேர்க்கடலைக்காரர் ஒருவர் ஏறி இவர்கள் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு நகர்ந்து போனார்.

உலகநாதன் மனதுக்குள் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 'ராயப்பன் என்கிற எலெக்ட்ரீஷியன் தெரியாமல் செய்த ஒரு தவறால்' என்று ஒன்று தொடங்கியது. அதை அடித்தார். 'பவளம் வளர்ப்பது ஒரு நுணுக்கமான விஷயம்' என்று இன்னொன்று. அதையும் அடித்தார். 'எனக்குத் தெரிந்திருந்தால்' என்று ஒன்று வந்தது. அதை அடிப்பதற்குத்தான் நேரமானது. வில்லிவாக்கம் போனது. பெரம்பூர் போனது.

"அண்ணாத்தே," என்றான் துலுக்கானம் மெதுவாக. "அந்தம்மா முன்னாடி போயி நின்னுகினு, வழக்கம்போலப் பேசாம இருந்துடாதே."

"இல்லை."

"மொதல்ல சொல்லிடு. அப்புறம் வேணா எம்மா நேரம்னாலும் பேசாம இரு. நான் கூட கீறேன்."

பேசின் பிரிட்ஜில் வண்டி சிக்னலுக்கு நின்றது. எதிர் சீட்டில் ஹில்டா கண்ணை மூடியிருந்தாள். தூங்கினாளா என்று தெரியவில்லை. அந்த மூன்று ராத்திரிக்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கியே இருக்க மாட்டாள். உலகநாதன் அவள்மேலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார். அவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சமிருந்தது. அது 'நான்' என்று தொடங்கியது. அதில் ராயப்பன் இல்லை, பவளம் இல்லை. உதட்டளவில் சொல்லிப் பார்த்தார்.

வண்டி நகர்ந்தது.